மாமா குப்பையில போட்ட சாக்லேட்

எங்க மாமா அந்தச் சாக்லேட்டைக் குப்பைக்கூடையில போட்டுட்டார்.

சும்மா போடல. தாளைப் பிரிச்சார். ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்துல ஒரு துண்டை உடைச்சு வாயில போட்டு ரெண்டு கடி கடிச்சார். "மணலாக் கெடக்கு. மேல வெள்ளையா வேற பூத்திருக்கு. உன்னைய நல்லா ஏமாத்திட்டானுவ"ன்னார். அவ்வளவுதான். டொப்.

காசு போகட்டும் (போகட்டும்னு சொல்றேனே தவிர மனசு கேக்கல). சிசிலித் தீவுலேர்ந்து விமானம் மாறி விமானம் மாறி, சுடிதாருக்கு நடுவுல சுருட்டி வெச்சு, உருகிடுமோ உருகிடுமோன்னு பயந்துக்கிட்டே கோவில்பட்டிக்குக் கொண்டு வந்தது அது.

எங்க மாமா சாதாரண ஆளும் கிடையாது. முப்பது வருஷமா கடலைமிட்டாய் போடுறவர். பாகு கொதிக்கிற சத்தத்தை வெச்சே பதம் சொல்லுவார். அவர் வாயால "மணல்"னு ஒரு சொல் வந்துட்டா, எங்க ஊர்ல அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்கு ராத்திரியே பதிவு போட்டிருப்பேன். எழுத உட்கார்ந்தப்பதான் ஒண்ணு உறைச்சுது. அந்தச் சாக்லேட்டை முதல்தடவை வாயில போட்டப்ப நானும் அதையேதான் சொன்னேன். அதுவும் கடைக்காரப் பொண்ணு முகத்துக்கு நேரா.

சரி, மாமாவை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த ஒரு நாளை முதல்ல சொல்லிடறேன்.

அக்கா மிலான்ல இருக்கா. ஆறு வருஷம் ஆச்சு. அவ பேசுறது காய்கறிக்கடை இத்தாலியன். கத்தரிக்காய் என்ன விலை, குறைச்சுக் குடு, பை இருக்கா. இதை வெச்சே அந்த நாட்டை ஓட்டிட்டிருக்கா. நான் போனதும் "ஏட்டி, ரோமு வெனிசெல்லாம் எல்லாரும் போறதுதான். நாம தெக்க போவோம்"னா. தெக்கன்னா சும்மா தெக்க இல்ல, வரைபடத்துல அந்தப் பூட்ஸ் காலு எட்டி உதைக்குற கல்லு இருக்கு பாருங்க, சிசிலி, அதுலயும் தென்கிழக்கு மூலை.

சிராகூசாவுல ரூம். அங்கேயிருந்து ஒரே நாள்ல ரெண்டு ஊர். காலையில நோத்தோ, மத்தியானம் மோதிகா. திட்டம் அக்காவோடது: ஒரு கோயில், ஒரு இனிப்பு. மறுபடி ஒரு கோயில், ஒரு இனிப்பு.

இதுல சிரிக்க என்ன இருக்கு? நெல்லையப்பரைக் கும்பிட்டுட்டு எதுத்தாப்புல அல்வா வாங்காம பஸ் ஏறினவங்க யாராவது இருக்கீங்களா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாளைப் பார்த்துட்டு பால்கோவா இல்லாம வீட்டுக்கு வந்தா வாசல்லயே கேள்வி வரும். நம்ம ரத்தத்துல ஊறின ஏற்பாடுதான் அது.

(முதல்நாள் சாயங்காலம் சிராகூசா பேராலயத்தை மட்டும் பார்த்துட்டோம். அதைச் சொல்லாம விட மனசில்ல. வெளியில பார்த்தா பூவேலையும் தூணுமா அலங்கார முகப்பு. உள்ளே போனா, சுவருக்குள்ள தடித்தடியா கிரேக்கத் தூண்கள் பாதி புதைஞ்சு நிக்குது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுல அதீனா தேவிக்குக் கட்டுன கோயில் அது. பிற்பாடு யாரும் அதை இடிக்கல. தூணுக்கும் தூணுக்கும் நடுவுல சுவர் எழுப்பி சர்ச் ஆக்கிட்டாங்க. அரபுக்காரங்க ஆண்டப்ப அதே கட்டடம் மசூதி. திரும்பவும் சர்ச். அந்தத் தூண் மேல கைய வெச்சேன். சில்லுன்னு இருந்துச்சு.)

சனிக்கிழமை காலையில ரயில். அந்தப் பாதையில நாளைக்கு விரல்விட்டு எண்ணுற வண்டிதான். சின்ன டீசல் வண்டி. ஒத்தத் தண்டவாளம். ஜன்னல்ல பாதாம் மரம், எலுமிச்சைத் தோப்பு, வெள்ளை வெள்ளையா கல்லை அடுக்கி வெச்ச வேலி. சுண்ணாம்பு பூசாத வெறும் கல்லடுக்கு. மண்ணு மட்டும் கறுப்பா இருந்திருந்தா, எட்டயபுரம் பக்கம் போற மாதிரி இருக்குன்னு சொல்லியிருப்பேன். அக்காவும் அதையேதான் சொன்னா, ஆனா அவ எந்த ஊருக்குப் போனாலும் அதைச் சொல்லுவா.

இன்னொண்ணு. அது புரட்டாசி சனி. அக்கா மிலான்ல இருந்தாலும் புரட்டாசி புரட்டாசிதான். ஒரு மாசம் கவுச்சி கிடையாது, முட்டைகூட யோசிச்சுதான். இந்தத் தகவலை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால வேணும்.

நோத்தோ ஸ்டேஷன் கீழ இருக்கு. ஊர் மேல இருக்கு. இதை யாரும் எங்ககிட்ட சொல்லல. செப்டம்பர் கடைசிதான், ஆனாலும் வெயில் நம்ம ஊர் மாசி வெயில் மாதிரி. ஒரு கிலோமீட்டருக்கு மேல ஏறி, மூச்சிரைக்க ஒரு பெரிய கல்வாசலுக்கு வந்து நின்னோம். போர்ட்டா ரியாலே, ராஜா வாசல். 1838ல ரெண்டாம் பெர்டினாந்து ராஜா வர்றார்னு கட்டினது. உச்சியில ஒரு பெலிக்கன் பறவை, ஒரு கோபுரம், ஒரு நாய். நாய் விசுவாசத்துக்கு. ராஜாவுக்கு ஊர் குடுத்த ஐஸ், கல்லுல.

அக்கா சட்டப்படி முதல்ல கோயில். ஆனா ரெண்டு பேருக்கும் பசி. அதனால சட்டத்துல முதல் திருத்தம்: வெறும் வயித்தோட கோயில் பார்க்கக்கூடாது.

கிரானித்தா.

இதைப் பத்தி கொஞ்சம் நீளமாப் பேசுவேன், பொறுத்துக்கோங்க. ஐஸ்கிரீம்னு நினைச்சுடாதீங்க. நம்ம குச்சி ஐஸ் கூட்டமும் இல்ல. பாதாமை அரைச்சுப் பால் எடுத்து, தண்ணி, சர்க்கரை சேர்த்து, உறைய உறையக் கிளறிக்கிட்டே இருப்பாங்க. கட்டியாகவும் விடறதில்ல, தண்ணியாகவும் விடறதில்ல. ஸ்பூன் வெச்சா கேசரி மாதிரி விலகிக் குடுக்கும். முந்தியெல்லாம் எட்னா எரிமலை மேல விழுற பனியை வாரி, குழிவெட்டிப் பொதிஞ்சு வெச்சு, கோடையில கீழ கொண்டாந்து இதைச் செஞ்சிருக்காங்க. எரிமலையிலேர்ந்து ஐஸ். சொன்னா நம்புவீங்களா?

இதுக்குத் தொட்டுக்க ஒரு பன். (தொட்டுக்க பன்னா, பன்னுக்குத் தொட்டுக்க ஐஸான்னு அக்காவும் நானும் பத்து நிமிஷம் பேசினோம்.) உருண்டை பன், அது உச்சியில இன்னொரு குட்டி உருண்டை. அதுக்குப் பேரு தூப்போ. தூப்போன்னா என்னன்னு அக்கா கேட்டா. பரிமாறின அம்மா சிரிச்சுக்கிட்டே தன் பின்னந்தலையில கைய வெச்சுக் காட்டினாங்க.

கொண்டை!

கொண்டை போட்ட பன். கொண்டையைத்தான் முதல்ல பிய்க்கணுமாம், அதை கிரானித்தாவுல முக்கிச் சாப்பிடணுமாம். காலையில எட்டரை மணிக்கு வேலைக்குப் போற ஆம்பளைங்க, சட்டை மடிப்பு கலையாம நின்னபடி, ஆளுக்கொரு கொண்டையைப் பிச்சு ஐஸ்ல முக்கித் தின்னுட்டிருந்தாங்க. அதுதான் அங்க காலைப் பலகாரம். சிசிலில மல்லிகைப்பூ போட்ட கிரானித்தாவும் உண்டு. கொண்டையும் மல்லிகையும்! கல்யாண வீட்டுத் தலையையே தட்டுல வெச்சுத் தந்த மாதிரி.

பாதாம் கிரானித்தால லேசா ஒரு கசப்பு வரும். அந்தக் கசப்புக்காகத்தான் நான் ரெண்டாவது வாங்கினேன். அந்த ரெண்டாவது பின்னால எங்களுக்கு ஆப்பு வெச்சுது.

சரி, ஊர்.

நோத்தோவோட பெரிய தெருவுல நடந்தீங்கன்னா முதல்ல தோணுறது, யாரோ ஒரே ஆள் ஒரே மூச்சுல கட்டி வெச்ச மாதிரி இருக்கேன்னுதான். எல்லாம் ஒரே கல். பனங்கற்கண்டு நிறம். வெயில் ஏற ஏற அது இன்னும் மஞ்சளாகுது. ஒரு கட்டடமும் எதேச்சையா முளைச்ச மாதிரி இல்ல. தெரு கிழக்கு மேற்கா நேரா ஓடுது, சர்ச்சும் மாளிகையும் வெயிலுக்கு முகத்தைக் காட்டி வரிசையா நிக்குது, நடுநடுவுல சதுக்கம், சதுக்கத்துக்கு மேல அகலப் படிக்கட்டு. நாடக மேடை மாதிரி.

காரணம் இருக்கு. 1693 ஜனவரி 11ஆம் தேதி அந்தப் பக்கம் பூரா ஒரு பூகம்பம் வந்துச்சு. ஏறக்குறைய 60,000 பேர் செத்துப்போனாங்க. கத்தானியா, ரகூசா, மோதிகா, எல்லாம் தரைமட்டம். நோத்தோவும் போச்சு. பழைய நோத்தோ இங்க இல்ல, சில மைல் தள்ளி மலை மேல இருந்துச்சு. அந்த இடத்தை அப்படியே விட்டுட்டு, புது இடத்துல கோடு போட்டு, புது ஊரையே கட்டிட்டாங்க. ஸ்பெயின் ராஜா ஆட்சி அப்போ. மேற்பார்வைக்கு கமாஸ்த்ரா பிரபுன்னு ஒருத்தரை அனுப்பினாங்க. கட்டடம் வரைஞ்சவங்கள்ல பெரிய பேரு ரொசாரியோ கல்யார்தி. (இந்தப் பேரை அக்கா ஒவ்வொரு தடவையும் "கல்யாணி"ன்னுதான் சொன்னா. நானும் திருத்திப் பார்த்தேன். விட்டுட்டேன்.)

இதுல எனக்குப் பிடிச்ச சங்கதி வேற. ஊரை மாத்தினது எல்லாருக்கும் சம்மதம் இல்ல. பழைய மலைக்கே திரும்பிப் போகணும்னு ஒரு கூட்டம் பல வருஷம் சண்டை போட்டிருக்கு. அணைக்கட்டுக்காக ஊரைக் காலி பண்ணிக் குடியேத்துனவங்களைக் கேட்டுப் பாருங்க, புது வீட்டுல குழாய்த் தண்ணி வந்தாலும் பழைய கெணத்தைப் பத்தித்தான் பேசுவாங்க. அதே கதைதான்.

பேராலயம் உயரமா நிக்குது, பரந்த படிக்கட்டு, ரெண்டு பக்கமும் மணிக்கோபுரம். முகப்பு முடிஞ்சது 1776ல. உள்ளே நான் எதிர்பார்த்தது தங்கமும் சித்திரமும். பார்த்தது வெள்ளை. ஏதோ நேத்து வெள்ளையடிச்ச மாதிரி. என்னடா இதுன்னு பார்த்தா, 1996 மார்ச் 13ஆம் தேதி ராத்திரி அந்தக் கோயிலோட குவிமாடம் அப்படியே உள்ளே விழுந்துடுச்சாம். ராத்திரிங்கறதால உயிர்ச்சேதம் இல்ல. 1990ல ஒரு பூகம்பம் வந்து ஏற்கெனவே விரிசல் விட்டிருந்துச்சு. ஆனா நிஜமான வியாதி தூணுக்குள்ள இருந்துச்சு. வெளியில அழகா செதுக்கின கல், உள்ளே வெறும் கூழாங்கல்லும் லேசான சாந்தும். ஆத்துக் கல்லை அள்ளிக் கொட்டி நிரப்பியிருக்காங்க. இருநூறு வருஷத்துக்கும் மேல யாருக்கும் தெரியல. 11 வருஷம் ஆச்சு திரும்பக் கட்டி, 2007ல திறக்க.

காண்ட்ராக்டர் வேலைன்னு அக்கா ஒரே வார்த்தையில முடிச்சுட்டா.

பக்கத்துத் தெருவுல நிகோலாச்சி மாளிகை. உள்ள போகாட்டியும் பரவாயில்ல, பால்கனிக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாருங்க. ஒவ்வொரு பால்கனியையும் தாங்க ஒரு கூட்டம்: சிங்கம், சிறகு வெச்ச குதிரை, கடல்கன்னி, தாடிக் கிழவர், குண்டுக் குழந்தை. நம்ம ஊர்ல யாளி தாங்குற மாதிரிதான். ஆனா நம்ம யாளி கோவிலுக்குத் தாங்குது. இது ஒரு பணக்காரர் வீட்டு அம்மா துணி காயப்போடுற பால்கனிக்குத் தாங்குது. அந்தச் சிங்கங்க முகத்துல எரிச்சல் நல்லாவே தெரியுது. அந்தத் தெருவுலதான் மே மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை வாக்குல தரை பூரா பூவிதழால கோலம் போடுவாங்க. நாங்க போனப்ப வெறும் கருங்கல் தரை, ஒரு பூனை.

இன்னொரு பக்கம் கன்னியாஸ்திரீ மடத்துக் கோபுரம். உச்சியில ஜன்னலுக்கெல்லாம் பிதுங்கின கம்பி. உள்ள இருந்தவங்க வெளிய வரக்கூடாது, ஆனா தெருவுல திருவிழா போனா பார்க்கலாம், அவங்களை யாரும் பார்க்கக்கூடாது. சிசிலியோட நல்ல இனிப்பெல்லாம் பாதிக்கு மேல இப்படிப்பட்ட மடத்துச் சமையலறையில பொறந்ததுதான். பாதாம் மாவுல ஆரஞ்சு, அத்தி, பீச்னு அச்சு அசலா பழம் செய்யுறாங்களே, அதோட பேரே பலேர்மோவுல இருந்த ஒரு மடத்துப் பேருதான், மார்த்தோரானா. வெளியில பழமரத்தைப் பார்க்க முடியாதவங்க உள்ளே உட்கார்ந்து பழம் செஞ்சிருக்காங்க. அதை வாங்கி ஒரு கடி கடிச்சேன். தித்திப்பு பல்லைப் பிடுங்குது. அழகுக்குப் பத்து, ருசிக்கு நாலு. கஸ்ஸாத்தான்னு ஒரு கேக், அதுக்கும் அதே மார்க்குதான். கன்னோலி மட்டும் வாங்குங்க, அதுவும் கண்ணு முன்னால நிரப்பிக் குடுத்தா மட்டும். காலையிலேயே நிரப்பி கண்ணாடிக்குள்ள அடுக்கி வெச்சிருந்தா, அது நமுத்த அப்பளம்.

இப்படி மார்க் போட்டுக்கிட்டே மணி ஒண்ணாச்சு.

டமால்னு ஊர் மூடிடுச்சு. சர்ச் மூடியாச்சு, கடை ஷட்டர் பாதி இறங்கியாச்சு. மத்தியானத் தூக்கம். இது தப்பே இல்ல, எங்க தாத்தாவும் அப்படித்தான். ஆனா ரயில் தூங்கல. நான் அந்த ரெண்டாவது கிரானித்தா தின்ன நேரம், கல்யாணி பேரைத் திருத்தின நேரம், சிங்கத்து மூஞ்சியை போட்டோ எடுத்த நேரம் எல்லாம் சேர்ந்து, நாங்க மேட்டிலேர்ந்து இறங்குறதுக்குள்ள வண்டி போயிருந்துச்சு. அடுத்தது எப்போன்னு பார்த்தா, பார்த்திருக்கவே வேண்டாம்.

அக்கா ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமா இருந்துச்சு.

மறுபடி மேடேறி, பஸ்ஸுக்கு நின்னோம். பஸ் டிக்கெட்டைக் காப்பிக்கடையில விக்கிறாங்க, அந்தக் காப்பிக்கடையும் தூங்கிட்டிருந்துச்சு. விடுங்க. மோதிகாவுல கால் வெச்சப்ப மணி நாலரை.

நோத்தோ மேடைன்னு சொன்னேன்ல? மோதிகா வீடு. ஒரு பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் மலைச்சரிவு, சரிவு பூரா ஒண்ணு மேல ஒண்ணா வீடு. கொலு வெச்ச மாதிரி. துணி காயுது, டிவி சத்தம் வருது, யாரோ யாரையோ மாடியிலேர்ந்து திட்டுறாங்க. எனக்கு நோத்தோவை விட இதுதான் பிடிச்சுது. அக்காவுக்கு நோத்தோ. (அவளுக்கு எல்லாம் நேரா இருக்கணும்.)

பெரிய தெருவுக்கு அடியில ஆறு ஓடுது. முந்தி அது திறந்தே ஓடிச்சு, மேல பாலம் பாலமா இருந்துச்சு. 1902ல வெள்ளம் வந்து நூறு பேருக்கு மேல போனப்புறம் ஆத்தை மூடி ரோடு போட்டுட்டாங்க. கவிதைக்காக 1959ல நோபல் வாங்கின சால்வதோரே குவாசிமோதோ இந்த ஊர்லதான் பொறந்தார், 1901ல. வெள்ளம் வந்தப்ப கைக்குழந்தை வயசு.

மோதிகாவுல பெரிய சர்ச் ரெண்டு. கீழ சான் பியெத்ரோ, படிக்கட்டு ஓரமா பன்னிரண்டு சீடர்களும் கல்லா நின்னு வரவேற்பாங்க. மேல சான் ஜோர்ஜோ. எது தாய்க்கோயில்னு ரெண்டு கோஷ்டிக்கும் பல காலமா தகராறு. பூகம்பத்துக்கப்புறம் போட்டி போட்டுக் கட்டியிருக்காங்க. எந்த ஊர்லதான் மேலத்தெரு கீழத்தெரு இல்ல?

சான் ஜோர்ஜோவுக்குப் படி. படின்னா படி. நான் எண்ணிக்கிட்டே ஏறினேன். தொண்ணூத்தி மூணுல ஒரு பாட்டி எதுக்க வந்து என்னமோ நலம் விசாரிச்சாங்க, எண்ணிக்கை போச்சு. அதுக்கு மேலயும் ஏகப்பட்டது இருந்துச்சு. மேல போய் திரும்பிப் பார்க்காதீங்க. முகப்பைப் பாருங்க. நடுவுல வயிறு மாதிரி முன்னால வளைஞ்சு வந்து, தூண் கொத்துக்கொத்தா மேல ஏறி, உச்சியில கோபுரமா முடியுது. கீழேர்ந்து ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்துலயும் அது கொஞ்சம் கொஞ்சமா எந்திரிச்சு நிக்குற மாதிரி இருக்கு. படிக்கட்டையும் சேர்த்துத்தான் அந்தக் கட்டடம்.

உள்ளே தரையில சாய்வா ஒரு கோடு. 1895ல போட்டது. உச்சிப்பொழுதுல கூரைக்கிட்ட ஒரு ஓட்டை வழியா சூரியன் வந்து அந்தக் கோட்டைத் தொடும். நாங்க அந்த உச்சிப்பொழுதுல நோத்தோவுல இனிப்புக்கு மார்க் போட்டுட்டிருந்தோம்.

கோயில் ஆச்சு. இனிப்பு.

மோதிகான்னா சாக்லேட். எல்லாக் கடை வாசல்லயும் ஒரு தட்டுல துண்டு போட்டு வெச்சிருக்காங்க, ருசி பார்க்க. இலவங்கப்பட்டை, ஏலக்காய், மிளகாய், ஆரஞ்சு, உப்பு. எடுத்து வாயில போட்டேன்.

நறநற.

மேல வேற வெள்ளையா மங்கலா இருந்துச்சு. நான் கோவில்பட்டிப் பொண்ணு, பாகு பூத்துப் போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அக்காகிட்ட தமிழ்ல சொன்னேன். அவ பாட்டுக்கு அதைக் காய்கறிக்கடை இத்தாலியன்ல மொழிபெயர்த்து, அந்தப் பொண்ணுகிட்ட "இது பழசு, கெட்டுப்போச்சு"ன்னு சொல்லிட்டா.

அந்தப் பொண்ணு கோவப்படல. இதைத் தினமும் பத்துப்பேர்கிட்ட கேக்குறவ போல. உள்ளே போய் ஒரு சாமானைத் தூக்கிட்டு வந்து மேஜையில வெச்சா.

அம்மி.

சத்தியமா அம்மிங்க. கறுப்புக் கல், நடுவுல லேசா பள்ளம், குட்டையா கால், கூடவே ஒரு குழவி. மெக்சிகோக்காரங்க இதை மெத்தாத்தேன்னு சொல்வாங்க. அங்க ஆதிகாலத்துலேர்ந்து கொக்கோவை இதுலதான் அரைச்சாங்க. ஸ்பெயின்காரன் அதைப் பார்த்துக் கத்துக்கிட்டு, தன் ஆட்சியில இருந்த சிசிலிக்குக் கொண்டு வந்தான்னு மோதிகாக்காரங்க சொல்றாங்க. கல்லுக்கு அடியில கொஞ்சம் கங்கு போட்டு, வெதுவெதுன்னு வெச்சுக்கிட்டு அரைப்பாங்களாம்.

மத்த ஊர்ல என்ன பண்ணாங்கன்னா, 1879ல ஸ்விட்சர்லாந்துல ரொடால்ஃப் லிண்ட்ங்கறவர் ஒரு மிஷின் கண்டுபிடிச்சார். கொக்கோவையும் சர்க்கரையையும் மணிக்கணக்கா, நாக்குக்கே தெரியாத அளவுக்கு வழவழன்னு ஆட்டி எடுக்குற மிஷின். இப்ப நாம தின்னுற சாக்லேட்டெல்லாம் அந்த வழிதான். மோதிகாவுல அது நுழையல. (அங்க இருக்குற பழைய கடை ஒண்ணு, போனாயூத்தோ, 1880ல ஆரம்பிச்சது. லிண்ட் மிஷினுக்கு அடுத்த வருஷம்!) இங்க கொக்கோ விழுதை 40 டிகிரிக்குப் பக்கமா மட்டும் சூடு பண்ணி, சர்க்கரையைக் கொட்டிக் கிளறி, தகர அச்சுல ஊத்தி, அச்சைத் தட்டுத் தட்டுன்னு தட்டுவாங்க, சமமா படிய. தண்ணி கிடையாது, பெருஞ்சூடும் கிடையாது. அதனால சர்க்கரை கரையாம, உருகாம, பரல் பரலா அப்படியே நிக்கும். அந்த நறநறதான் சரக்கு. 2018ல ஐரோப்பாவோட புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. எங்க ஊர் கடலைமிட்டாய் 2020ல வாங்கினது மாதிரி.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு நினைப்பு வந்துச்சு. சர்க்கரைங்கற சொல்லே வடமொழியில சர்க்கரா, அதுக்குப் பொடிக்கல், பரல்னுதான் அர்த்தம். அந்தச் சொல் பாரசீகம் போய், அரபுக்குப் போய் சுக்கர் ஆகி, அரபுக்காரங்க கரும்போட சேர்த்து அதை சிசிலில இறக்கி, இத்தாலியன்ல சுக்கெரோ ஆச்சு. ஊர் ஊராப் போன சொல் தன் பழைய அர்த்தத்தை மறந்தே போச்சு. இங்க இந்தச் சாக்லேட்ல மட்டும் பல்லுல கடிபடுது.

(காலையில பார்த்த தூணுக்குள்ளயும் கூழாங்கல்தான். எங்க போடணுமோ அங்க போடலைன்னா குவிமாடமே விழும்.)

இரண்டாவது துண்டு எடுத்தேன். கடிக்காம நாக்குல வெச்சிருந்தேன். முதல்ல கொக்கோவோட கசப்பு கரைஞ்சு போச்சு, அப்புறம் சர்க்கரைப் பரல் ஒவ்வொண்ணா தனியா இனிச்சுது. மூணாவது துண்டு எடுக்கும்போது அந்தப் பொண்ணு தட்டை லேசா நகர்த்தி வெச்சா. நாலு பார் வாங்கினேன்.

இப்ப புரட்டாசிக்கு வருவோம்.

அக்கா கண்ணாடிக்குள்ள கையைக் காட்டி "ஏட்டி, சோமாசிடீ!"ன்னா. பார்த்தா சோமாசியேதான். பிறை வடிவம், ஓரம் அழுத்தின மடிப்பு, மேல சர்க்கரைப் பொடி. தீபாவளிக்கு முன்னாலயே தீபாவளி. வாங்கி, வாசல்லயே ஒரு பெரிய கடி. உள்ளே சாக்லேட், பாதாம், பட்டை, கிராம்பு. "பூரணம் அருமை! இதுல என்னமோ ஒண்ணு சேர்த்திருக்கான், என்னன்னு பிடிபடல"ன்னு சொல்லிட்டு அடுத்த கடி.

நான் பேர்ப்பலகையைப் பார்த்தேன். ம்பனாதிக்கி. அதுக்குக் கீழ சேர்மானம் எழுதியிருந்துச்சு. அதுல ஒரு சொல் எனக்கே தெரிஞ்ச சொல். கார்னே.

கறி. அதுவும் மாட்டுக்கறி.

கொத்துக்கறியை வறுத்து, சாக்லேட்டும் பாதாமும் சேர்த்துப் பூரணமா வெக்கிறாங்க. மோதிகாவோட ரொம்பப் பழைய பலகாரம். அதுக்கு ஒரு கதையும் இருக்கு: கிறிஸ்தவங்க தவக்காலத்துல கறி சாப்பிடக் கூடாது, ஆனா ஊர் ஊராப் போய்ப் பிரசங்கம் பண்ற சாமியார்களுக்குத் தெம்பு வேணும், அதனால மடத்துக் கன்னியாஸ்திரீகள் கறியை இனிப்புக்குள்ள ஒளிச்சு வெச்சுக் குடுத்தாங்களாம். கதை நிஜமோ பொய்யோ, அவங்க எந்தக் கண்ணுக்கு ஒளிச்சாங்களோ அதே மாதிரி எங்க அக்கா கண்ணுக்கும் ஒளிஞ்சிருச்சு.

சொல்லலாமா வேண்டாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். சொல்லிட்டேன்.

அக்கா மெல்லுறதை நிறுத்தினா. மேல பார்த்தா. சான் ஜோர்ஜோ கோபுரம் தெரிஞ்சுது. கையில மீதி பாதி.

"தெரியாம சாப்பிட்டா தோஷம் இல்ல"ன்னா.

"இப்பத் தெரிஞ்சிருச்சே"ன்னேன்.

"பெருமாளுக்கு இத்தாலியன் தெரியாது"ன்னுட்டு மீதியை வாயில போட்டுக்கிட்டா. (அவ இதை எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்கா. அம்மா வலைப்பதிவு படிக்க மாட்டாங்கங்கற தைரியம்தான்.)

கடைசியா ஒண்ணு வாங்கினோம். எள்ளுமிட்டாய். ஆமா, நம்ம எள்ளுமிட்டாய், கொஞ்சம் தடியா, நடுவுல பாதாம், ஆரஞ்சுத் தோல் வாசனை. வெல்லத்துக்குப் பதிலா தேனும் சர்க்கரையும். பேரு ஜுஜ்ஜுலேனா. எள்ளுக்கு அரபில ஜுல்ஜுலான்னு ஒரு பேரு, அதுலேர்ந்து வந்தது. வாங்கும்போதே மாமா ஞாபகம்தான். ஒரு பொட்டலம் கட்டிக்கிட்டேன். அப்புறம் இருட்டுல கடைசி பஸ், சிராகூசா, பை நிறைய இனிப்பு, அக்கா ஜன்னல்ல சாஞ்சு தூக்கம்.

இனி மாமா.

சாக்லேட் கூடைக்குப் போனப்புறம் நான் பேசாம அந்த எள்ளுப் பொட்டலத்தை அவர் முன்னால வெச்சேன். ஒரு சொல் சொல்லல. அவரும் வேண்டா வெறுப்பா எடுத்தார். காதுகிட்ட வெச்சு ஒடிச்சார். (இது அவர் பழக்கம், ஒடியுற சத்தத்துலதான் பதம் பார்ப்பார்.) டிக்குன்னுச்சு. புருவம் ஏறிச்சு. வாயில போட்டார். மெதுவா மென்னார்.

"பாகு எதுல?"

"தேன், மாமா. கொஞ்சம் சர்க்கரையும்."

"தேன்லயா?" எந்திரிச்சு ஜன்னல்கிட்ட போனார். மறுபடி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேன்ல பாகு எடுத்தா கையில இழுவுமே. மழைக்காலத்துல ஒழுகுமே. இவன் எப்படி நிப்பாட்டினான்?"

எனக்கு எப்படித் தெரியும்?

"எத்தனை நாளாச்சு வாங்கி?"

"பதினோரு நாள்."

பேசாம இருந்தார். அப்புறம் மீதியிருந்த துண்டை அதே தாள்ல மடிச்சு, சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். நாளைக்குப் பட்டறையில மாஸ்டர்கிட்ட காட்டணுமாம். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி நின்னு, "அக்காவுக்கு போன் போட்டா, எவ்வளவுக்கு எவ்வளவு தேன்னு அந்தக் கடையில கேக்கச் சொல்லு"ன்னார்.

சாக்லேட்டைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. இன்னும் மூணு பார் இருக்கு. பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில.